சுண்ணாம்பு வைக்காத வீடு

கையில் சோற்றுத் தட்டோடு இதைப் படிக்க உட்கார்ந்திருக்கிறவர்கள், முதலில் சாப்பிட்டு முடித்து வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள், கண்ணுகளா. பாதியில் தட்டைத் தள்ளிவைத்தால் எனக்குத்தான் மனசு கேட்காது.

குறிஞ்சிப்பாடி மங்கலத்துக்கு எச்சில் என்றால் ஆகாது. அருவருப்பு என்று சொன்னால் போதாது. அது அவள் உடம்போடு பிறந்தது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தவளல்ல. பெற்ற பிள்ளை கடித்து நீட்டிய முறுக்கைக்கூட வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் விரலை நக்கினால் போதும், இவள் தன் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரேயொரு பழக்கம், வெற்றிலை. காலையில் பல் துலக்கியதும் ஒருவாய் போட்டால்தான் அவளுக்குக் கண் தெரியும், காது கேட்கும்.

ஒரே மகள் எழிலரசி. தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சின்னப் பிள்ளையில் சிலேட்டுக் குச்சி தின்று அடி வாங்கியவள், டீச்சரான பிறகும் சாக்பீஸ் துண்டைக் கடித்துக்கொண்டே நோட்டுத் திருத்துவாள். வயது முப்பதை நெருங்கிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "போன் பண்றோம்" என்று போனதோடு சரி. அந்த நிலையில்தான் வெள்ளைக்கோட்டை அன்பரசு வந்தான். இறால் பண்ணையில் சூப்பர்வைசர். நகை கேட்கவில்லை. எழிலரசியோடு பேசிவிட்டுப் போனபிறகு, அந்தப் பெண் அடுப்படியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்ததை மங்கலம் பார்த்தாள். குவைத்தில் சமையல் வேலையில் இருந்த கணவரும் போனில் சொல்லிவிட்டார்: "நீ போயி வூட்டப் பாரு. மனசுக்குப் புடிச்சா தட்ட மாத்திட்டு வா. ஒன் வார்த்ததான் என் வார்த்த."

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சின்னையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

புதுச்சத்திரம் தாண்டிக் கடல் பக்கமாகப் பிரிகிற ரோட்டில் மினி பஸ் போயிற்று. கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி மலையும் மதிலுமாக இருக்கும் என்று மங்கலம் நினைத்திருந்தாள். இறங்கிப் பார்த்தால் நீளமாக ஒரு செங்கல் மதில், மூலையில் இடிந்த கொத்தளம், சுற்றிலும் அகழி. யார் கட்டியது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு வெள்ளைக்காரன் பேரைச் சொல்வார்கள். அகழித் தண்ணீர் கறுப்பு. அதில் செத்த மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன, வயிற்றின்மேல் ஈ. இறால் குட்டைகளிலிருந்து வந்த நாற்றம் மூக்கு வழியாகப் போய் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. மங்கலம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"கல்யாணப் பொண்ணாட்டம் மொகத்த மூடிக்கிட்டு வராத எக்கா," என்றான் சின்னையன். "மாப்ள ஒன்னயப் பாத்து மனசு மாறிடப் போறான்."

வாயைச் சுத்தப்படுத்த வெற்றிலை வேண்டும் போலிருந்தது. சுருக்குப்பையைத் திறந்தால் வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, சுண்ணாம்பு டப்பா காலி. முச்சந்தியில் ஒரு பெட்டிக்கடை.

"சுண்ணாம்பு குடுங்க."

"இல்லம்மா."

"தீந்துபோச்சா?"

"வைக்கறதில்ல," என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குமேல் நடக்கும்போதுதான் மங்கலம் கவனித்தாள். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் வெள்ளையடித்திருக்கவில்லை. பச்சை, ஊதா, ரோஸ் என்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். முடியாதவர்கள் பூச்சே இல்லாமல் செங்கல்லாக விட்டிருந்தார்கள். அந்தச் செங்கல் எல்லாம் கோட்டையில் பெயர்த்தது. எதிரே வந்த கிழவர்கள் ஒருவர் வாயும் சிவந்திருக்கவில்லை.

"பேய்தான் வழியில போறவன நிறுத்திச் சுண்ணாம்பு கேக்கும்னு சொல்வாங்க," என்று சின்னையன் சிரித்தான். "நீ ஊருக்குள்ள நுழையறப்பவே ஆரம்பிச்சிட்ட."

மாப்பிள்ளை வீடு பெரிய வீடு. தளம் போட்டு, டைல்ஸ் பதித்து, துடைத்து வைத்தமாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா செல்லாயி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல சிரிப்பு. பேச்சில் கள்ளம் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அதிகம் பேசாத மனிதர். மூத்த மகன் படகில் போயிருந்தான். அவன் பெண்டாட்டி மலர்க்கொடிதான் தண்ணீர் கொண்டுவந்தாள். முந்தானையை வாய்க்குக் குறுக்கே இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். கண்மட்டும் தெரிந்தது. பெரியவர்கள் முன்னால் மரியாதை போலிருக்கிறது என்று மங்கலம் நினைத்துக்கொண்டாள். நம் எழிலுக்கு இந்த அடக்கம் வராது என்றும் நினைத்துக்கொண்டாள்.

பிடிக்காத வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். சின்னையன் அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்து அக்கா காதில், "இதவிட என்னா வேணும்? ஒக்காந்து சாப்புடு," என்றான். மங்கலமும் உட்கார்ந்தாள்.

இறால் தொக்கு, நண்டு ரசம், வறுத்த மீன். எல்லாம் ருசிதான். ஆனால் அந்த அகழி நாற்றம் சாப்பாட்டு அறைக்குள்ளும் இருந்தது. மங்கலத்துக்கு ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்று நின்று இறங்கிற்று. டம்ளர் விளிம்பில் வெள்ளையாக ஏதோ உதட்டுத் தடம்போல் ஒட்டியிருந்தது. அவள் தண்ணீரே குடிக்கவில்லை.

"ராகு காலத்துக்கு முன்னாடி தட்ட மாத்திடலாம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "அதுவரைக்கும் வெத்தல போடுங்க."

தட்டு வந்தது. பசும் வெற்றிலை, சீவல், ஏலக்காய், கிராம்பு.

"சுண்ணாம்பு?" என்றாள் மங்கலம்.

எல்லாரும் செல்லாயியைப் பார்த்தார்கள்.

"எங்கூருல அந்தப் பழக்கம் கெடயாதுங்க சம்மந்தி," என்றாள் செல்லாயி, சிரிப்பை விடாமல். "வாங்கவும் மாட்டோம், குடுக்கவும் மாட்டோம். பெரியவங்க வச்சது. வெறும் வெத்தலயா மென்னு பாருங்க, நல்லாத்தான் இருக்கும்."

"சுண்ணாம்பு இல்லாத வெத்தல ஆடு திங்கறதுங்க," என்று மங்கலம் சிரித்தாள். அவள் சிரித்ததோடு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

"அதக் கேக்காதீங்க அத்த," என்றான் அன்பரசு மெதுவாக. தரையைப் பார்த்துச் சொன்னான்.

மங்கலத்துக்குச் சுருக்கென்றது. கஞ்சத்தனத்துக்கு இப்படியும் ஒரு பேரா? வெற்றிலையையும் சீவலையும் கையில் மடித்துக்கொண்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துப் பக்கம் போனாள்.

தோட்டம் என்று பெயர். நாலு வாழை, ஒரு தொட்டி, அதற்கப்பால் கோட்டை மதில். தோட்டத்தின் பின்சுவரே அதுதான். சுனாமி அலை அடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த அலை மதிலின் மேல்பூச்சைப் பாளம் பாளமாக உரித்துக்கொண்டு போயிருந்தது. உரிந்த இடத்தில் உள்பூச்சு தெரிந்தது.

வெள்ளை. அப்படியொரு வெள்ளையை அவள் பார்த்ததில்லை. கடைந்தெடுத்த வெண்ணெய்போல மழமழவென்று, பட்டப்பகல் வெயிலில் ஈரமாக மின்னியது.

நீங்களும் வெற்றிலை போடுகிறவர்களாக இருந்தால் இதையேதான் செய்திருப்பீர்கள். சுண்ணாம்பு இல்லாத அவசரத்துக்கு வீட்டுச் சுவரைச் சுரண்டாத கை உண்டா? மங்கலம் இரண்டு பக்கமும் பார்த்தாள். நகத்தால் ஒரு கீறு கீறி, விரல்நுனியில் வந்ததை வெற்றிலையின் முதுகில் தடவி, மடித்துக் கடைவாயில் வைத்தாள்.

முதலில் இனித்தது.

பிறகு வாய் ஊறியது. வெற்றிலைக்கு ஊறுகிற ஊறல் இல்லை. கஞ்சிபோல் கொழகொழவென்று, நாக்கைத் தூக்குகிற அளவுக்கு ஊறியது. துப்பினாள். சிவப்பாக வரவேண்டியது வெள்ளையாக வந்து, மண்ணில் விழுந்து நூலாக இழுத்துக்கொண்டு உதட்டோடு தொங்கியது. கையால் அறுத்துவிட்டாள். விரலில் ஒட்டியது. உதறினாள், போகவில்லை. வாழைப்பட்டையில் தேய்த்தாள்.

அதற்குள் வாய் மறுபடியும் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை அதில் ஒரு நாற்றம். மீன் நாற்றமில்லை. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவர்கள் முகத்துக்கு அருகே வந்து பேசினால் அடிக்குமே, காய்ந்த வாய் நாற்றம், அது. அந்த நாற்றம் வெளியிலிருந்து வரவில்லை. அவள் பல்லுக்கு உள்ளேயிருந்து வந்தது.

பல்லிடுக்கில் கல் மாதிரி என்னவோ நெருடிற்று. இரண்டு விரலை விட்டு எடுத்தாள்.

ஒரு பல். அரிசி அளவு பால் பல். அவளுடையதில்லை.

அதை வாழையடியில் வீசினாள். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது.

மெல்லுதல் நிற்கவில்லை.

தாடை அசையவில்லை, உதடு அசையவில்லை. உள்ளே மட்டும் சளக், சளக் என்று நிதானமாக, பசித்தவர் கிடைத்ததை வீணாக்காமல் மெல்லுகிறமாதிரி யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

அவள் நாக்குக்கு அடியில் இன்னொரு நாக்கு புரண்டது.

சில்லென்றிருந்தது. சின்னதாக, பூனை நாக்குபோல் சொரசொரவென்றிருந்தது. அது அவள் நாக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஈறின்மேல் ஊர்ந்தது. ஒவ்வொரு பல்லாக நக்கிக்கொண்டே போயிற்று. ஊரான் டம்ளரை உதட்டில் வைக்காதவள் கண்ணுகளா, அவள் வாய்க்குள் அடுத்தவர் நாக்கு. அடுத்தவர் எச்சில் அவள் எச்சிலோடு கலந்து தொண்டைக்குள் இறங்குகிறது. மங்கலத்துக்குத் தன் தலையையே கழற்றி எறிந்துவிடலாம் போலிருந்தது.

அலறத்தான் வாயைத் திறக்கப் போனாள். திறக்குமுன் ஒரு கை வந்து அழுத்தி மூடியது.

மலர்க்கொடி.

"தொறக்காதீங்க அத்த."

அவள் கண் மதிலில் இருந்த கீறலைப் பார்த்தது. நகம் பட்ட அந்த இடத்தில் பூச்சு ஊறி, பால்போல் வழிந்துகொண்டிருந்தது. குழந்தை வாயில் எச்சில் வடிகிறமாதிரி.

"சாறு உள்ள போயிடுச்சா?"

மங்கலம் தலையசைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சொல்றதக் கேளுங்க. பேசாதீங்க, கேட்டா மட்டும் போதும்." மலர்க்கொடி குசுகுசுவென்று பேசினாள். சொற்கள் முந்தானைக்குள் காற்றாகக் குழறின. "அந்தக் காலத்துல எதிரிப் பட கோட்டைய வெளிய வளைச்சிக்கிட்டு நின்னப்ப, உள்ள ஜனங்க பசியிலயே செத்தாங்களாம். பொதைக்க எடமில்லன்னு சுண்ணாம்புக் காளவாய்ல போட்டு, கிளிஞ்சலோட சேத்துச் சுட்டு, அரைச்சுப் பூசிட்டாங்களாம். யாரு பாத்தா? ஆனா அதுங்களுக்கு இன்னும் பசி அடங்கல. வாயி இல்ல அதுங்களுக்கு. யாரு வாயி கெடச்சாலும் திங்கும்."

உள்ளே சளக் என்றது.

"ஊரு எல்லையில கைகாட்டி இருக்குது. அது தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. தாண்டுனதும் மொத்தமா துப்பிடுங்க, போயிடும். நடுவுல தொறந்தா நீங்க பேச மாட்டீங்க. அதுதான் பேசும். அப்புறம் தங்கிடும்."

மங்கலம் அவளையே பார்த்தாள். ஒனக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பார்வை கேட்டிருக்க வேண்டும். மலர்க்கொடி முந்தானையை இறக்கினாள்.

முப்பது வயதுகூட ஆகாத முகம். அதில் உதடு உள்ளுக்கு மடிந்து, கிழவியின் வாய். அவள் வாயைத் திறந்து காட்டினாள். ஒரு பல் இல்லை. ஈறு முழுக்க வெள்ளையாகப் பூசினமாதிரி இருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் நாக்கு தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு யாரும் வெவரமா சொல்லல அத்த. மசக்கையில வாயி கேட்டுது. செவுரு பளபளன்னு இருந்துது, சுரண்டித் தின்னுட்டேன். தெனம் தின்னேன்."

மங்கலம் மதிலைவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"புள்ள பொறந்தப்ப அதுக்கு வாயி நெறயப் பல்லு. எனக்கு ஒண்ணுமில்ல." முந்தானையை மறுபடி இழுத்துக்கொண்டாள். "பால் குடுத்தேன். ரெண்டு நாளுதான் குடுக்க முடிஞ்சிது."

அவள் கை தன்னையறியாமல் மார்பைப் பொத்திக்கொண்டது.

"பொண்ண அனுப்பாதீங்கன்னு நான் சொல்லல. நான் இந்த வூட்டு மருமவ, அப்புடிச் சொல்லக் கூடாது. செவுத்துக்கிட்ட போகாம இருந்தா ஒண்ணும் பண்ணாது. என் மாமியாரு முப்பது வருசமா இருக்குறாங்க."

மங்கலத்துக்குச் சாக்பீஸ் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகள் கண்முன் வந்தாள். நாளைக்கு அவளுக்கும் மசக்கை வரும். இந்த வெள்ளையைத் தாண்டி அவள் கை சும்மா இருக்குமா?

"எக்கா! நேரமாவுது, வா!" சின்னையன் உள்ளிருந்து கூப்பிட்டான்.

கூடத்தில் தாம்பாளம் தயாராக இருந்தது. தேங்காய், பழம், பூ, மஞ்சள், வெற்றிலை. மாப்பிள்ளையின் அப்பா அதை எடுத்து நின்றுகொண்டிருந்தார். அன்பரசு வேட்டி மாற்றியிருந்தான். எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

மங்கலம் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. உள்ளே நிறைந்துகொண்டே இருந்தது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

"வாயி நெறய வெத்தலய அடக்கிக்கிட்டு நிக்கிறத பாரு," என்று சின்னையன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். "ஒரு வார்த்த சொல்லு எக்கா. மாமா இல்லாத எடத்துல நீ சொன்னாத்தான் செல்லும்."

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். தம்பியின் சட்டையைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்தாள்.

"என்னா எக்கா? நகையே வேணாங்குறாங்க, இன்னும் என்னா?" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "இதயும் உட்டா எழிலுக்கு வேற எவன் வருவான்? கை நனைச்சாச்சி. மானத்த வாங்காத."

"விடுங்கண்ணே," என்றாள் செல்லாயி. "ஒத்தப் பொண்ணு, பிரியறத நெனச்சா அழுவ வராதா? புடிக்கலன்னா வாயத் தொறந்து வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாங்களா? நீங்க தட்ட வாங்குங்க."

சின்னையன் கையை நீட்டினான். தாம்பாளம் அவன் பக்கமாக வந்தது.

கதவருகே மலர்க்கொடி நின்றிருந்தாள். அவள் கண் மங்கலத்தைப் பார்த்து, மெதுவாக, வேண்டாம் என்றது. தொறக்காதீங்க.

தாம்பாளம் தம்பியின் விரலைத் தொட்டது.

மங்கலம் வாயைத் திறந்தாள்.

வேண்டாம் என்றுதான் சொன்னாள். நெஞ்சு அதைத்தான் சொல்லிற்று. வாய் சொன்னது வேறு.

"எங்க பொண்ணு இனிமே ஒங்க வூட்டுப் பொண்ணு." அவள் குரலேதான். அவளைவிடக் கனிவாக இருந்தது. "சீக்கிரமா கூட்டிக்கிங்க."

செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னையன் அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"பசிக்குது," என்றது வாய்.

செல்லாயியின் கை கண்ணிலேயே நின்றுவிட்டது.

"பசிக்குது. பசிக்குது. பசி."

மங்கலம் இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்தாள். இனி அவளுக்கு வார்த்தை கிடையாது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. எந்தச் சம்பந்தியும் மன்னிக்க முடியாதது; எந்த ஊரிலும் ஒட்டவே வைக்க முடியாதது. இரண்டடி முன்னால் போய், மஞ்சளும் பூவும் வெற்றிலையும் வைத்த அந்த மங்கலத் தாம்பாளத்தில், வாயிலிருந்ததையெல்லாம் காறித் துப்பினாள்.

பொத்தென்று விழுந்தது.

அது வெற்றிலை இல்லை. கொழகொழவென்று ஒரு வெள்ளைப் பிண்டம். அதில் அவளுடைய முன்பல் மூன்று பதிந்திருந்தன. ரத்தமே இல்லை. தாம்பாளத்திலிருந்த பழத்தின்மேல் அது பரவி, ஓரத்திலிருந்து சுருங்கி, விரிந்து, பழத்தைக் கவ்விக்கொண்டது.

மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தை நழுவவிட்டார். அன்பரசு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டான். துண்டு மேலும் கீழும் அசைந்தது.

"சம்மந்தி..." என்று செல்லாயி ஆரம்பித்தாள். கோபமில்லை அந்தக் குரலில். பயமும் இல்லை. பழகிப்போன ஒரு அலுப்பு இருந்தது.

"மாமா, கூட்டிக்கிட்டுப் போயிடுங்க," என்றான் அன்பரசு. "மன்னிப்பெல்லாம் வேணாம். நின்னு பேசாதீங்க, போங்க."

சின்னையன் வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தான். ஊர் எல்லையில் கைகாட்டி மரத்துக்கு அப்பால் மங்கலம் குனிந்து நின்று துப்பிப் பார்த்தாள். விரலை விட்டுக் குமட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நாக்கு மரக்கட்டைபோல் காய்ந்திருந்தது. உள்ளே யாரோ ஒடுங்கி உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுபோல் மட்டும் இருந்தது.

தட்டில் துப்பிவிட்டு வந்தவள் என்று சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் பேசினார்கள். எழிலரசி அம்மாவோடு வெகுநாள் பேசவில்லை. நடந்ததைச் சொல்ல மங்கலம் வாயெடுத்தால், பாதிச் சொல்லுக்குமேல் என்ன வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதனால் ஊமைபோல் இருந்துவிட்டாள். பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வலிக்காது. ஊறவைத்த பொரிபோல் ஆகி, சோற்றோடு சோறாக நசுங்கிவிடும்.

எழிலரசிக்குக் கீரப்பாளையத்தில் நல்ல இடமாக அமைந்தது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். கல்யாணத்தில் மங்கலம் ஓரமாக, வாயை மூடிக்கொண்டு, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் குடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒன்று போதும் என்று இருந்தது அவளுக்கு. பிறகு எழிலரசி முழுகாமல் இருக்கும்போது அவளாகவே அம்மாவைத் தேடி வந்தாள்.

"சோறு தின்னாம கஞ்சிய குடிச்சே காஞ்சி போயிட்ட. வா, சிதம்பரத்துல பல்லு கட்டிக்கிட்டு வரலாம். பேரப்புள்ள ஒன்னயப் பாத்தா பயப்பட வேணாமா?"

மங்கலம் மாட்டேன் என்று கையை ஆட்டினாள். மகள் விடவில்லை.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். சிரித்த முகம். ஈறைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கும்மா, ஒரு வேர்கூட இல்ல. அளவு எடுத்துடலாம்," என்றாள். ரோஸ் நிறத்தில் மாவைக் குழைத்து, ஒரு கரண்டியில் அப்பி, மங்கலத்தின் வாய்க்குள் வைத்து அழுத்தினாள். "இறுகட்டும். அசையாதீங்க. நீங்க தாடையப் புடிச்சிக்கிங்க," என்று எழிலரசியைக் கூப்பிட்டாள்.

மங்கலம் மகளின் கையைத் தட்டிவிட்டாள். வெடுக்கென்று, அடிக்கிறமாதிரி. எழிலரசிக்கு முகம் சுண்டிப்போய், இரண்டடி தள்ளி நின்றாள்.

டாக்டர் கரண்டியை வெளியே எடுத்தாள். பச்சென்று ஒரு சத்தம். விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் அச்சைப் பார்த்தாள்.

"இத யாரு கடிச்சது?"

மாவில் பல்தடம். மேல்வரிசை முழுக்க, இடைவெளி இல்லாமல், நெருக்கி நெருக்கி. ஒவ்வொன்றும் அரிசி அளவு. ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை.

"ஒரு ஓரத்துல துண்டு கொறயுதே," என்றாள் டாக்டர். குரல் இறங்கிப் போயிருந்தது. தரையில் பார்த்தாள். கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள். "உள்ள ஒட்டிக்கிச்சா பாக்கறேன். ஆ காட்டுங்கம்மா."

மங்கலம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டே வராதே என்று மகளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள்.

அந்தக் கைகளுக்குக் கீழே, அவள் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது.

அவள் எதையும் விழுங்கவில்லை.